கொப்பி, காசோலை, நோட்டு: ஒரே கடனாளியிடமிருந்து மூன்று கடன்களை மீட்ட விதம்

இந்த ஆய்வு, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே கல்முனை வீதியில் விவசாயப் பொருட் கடை நடத்திவரும் ஒரு பெண்ணுக்கும், அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றில் வாழும் நெற்செய்கையாளரும் நெல் வியாபாரியுமான ஒருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. கடைக்காரருக்கு வரவேண்டியிருந்த தொகை 17 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. இருவரையும் எவரும் அடையாளம் காணாதபடி விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இதே இயல்புடைய வேறு வழக்குகளின் கூறுகளும் இதனுள் சேர்க்கப்பட்டுள்ளன. சட்ட நிலைமைகள் மட்டும் உள்ளவாறே தரப்படுகின்றன.

ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டிய பணம், மூன்று விதமான தாள்களில் எழுதப்பட்டிருந்த காரணத்தால், சட்டத்தின் முன் மூன்று வெவ்வேறு கடன்களாகப் பிரிந்தது. ஒன்று காலங்கடந்து போயிருந்தது. மற்றொன்று நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்றது. மூன்றாவது மாவட்ட நீதிமன்றத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. பணமோ பொருளோ கைமாறிய நாளில் என்ன எழுதப்பட்டது என்பதே ஒரு கடன் வழக்கின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. நம்முடைய வியாபாரிகளில் மிகப் பலர் இதை நீதிமன்றப் படியேறிய பின்னர்தான் அறிந்துகொள்கிறார்கள் என்பதனாலேயே இது விரிவாக எழுதப்படுகிறது.

கடன் ஏற்பட்ட விதம்

2020/21 பெரும்போகத்தில், ஒக்டோபர் மாதம் விதைப்புத் தொடங்கியதிலிருந்து சனவரி வரை, அந்தச் செய்கையாளர் விதைநெல், களைநாசினி, பூச்சிமருந்து ஆகியவற்றைக் கடனாக எடுத்துச் சென்றார். படுவான்கரையிலும் அம்பாறை வயற்கண்டங்களிலும் இது வழமையான ஏற்பாடு: விதைப்புக் காலத்தில் பொருள், வெட்டு (அறுவடை) முடிந்ததும் பணம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, பொருள், தொகை ஆகியவற்றை எழுதிவந்தார். அந்தக் கொப்பியை நான் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். எழுத்து ஒழுங்காக இருந்தது. கூட்டல் சரியாக இருந்தது. ஆனால் இருபத்தாறு பதிவுகளில் நான்கில் மட்டுமே வாங்கியவரின் ஒப்பம் இருந்தது. மற்றவற்றில் பொருளை ஏற்றிச்சென்ற லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) சாரதியின் பெயர் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. மொத்தம் 9 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. 2021 ஏப்ரலில் அவர் 2 இலட்சம் ரூபாவை வங்கியில் வைப்பிலிட்டார், மிகுதி நின்றது.

அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஒக்டோபரில் செய்கையாளர் மீண்டும் கடைக்கு வந்தார். இம்முறை அவர் கேட்டது பொருள் அன்று, பணம். "வெட்டு முடிய பழைய கணக்கையும் சேர்த்து ஒரேயடியாத் தாறன் அக்கா" என்பது அவர் சொன்ன வாக்கு. கடைக்காரர் புத்தகக் கடையில் வாங்கிய அச்சிட்ட வாக்குறுதி நோட்டுப் படிவம் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் ஆவணம்) ஒன்றில் ஒப்பம் வாங்கிக்கொண்டு, 10 இலட்சம் ரூபாவை வங்கி மூலம் அவருடைய கணக்குக்கு மாற்றினார். பணத்தைக் கையில் எண்ணிக் கொடுக்காமல் வங்கியூடாக அனுப்பியது பின்னர் பெரிதும் உதவியது.

2021/22 பெரும்போகத்தின் விளைச்சல் உரமின்மையால் வீழ்ந்தது. 2022 மார்ச்சில், பழைய கடைக் கணக்கில் 5 இலட்சம் ரூபாவுக்காக, ஏப்ரல் இறுதித் திகதியிட்ட காசோலை ஒன்றை அவர் கொடுத்தார். அது கணக்கில் போதிய பணமில்லை என்ற குறிப்புடன் திரும்பியது. பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் தட்டுப்பாடும் சிறுபோகத்தையும் பாதித்தன. கடைக்காரர் பொறுத்திருந்தார். சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அவர் முதன்முதலாக வந்தது 2022 செப்டெம்பரில்.

இங்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தச் செய்கையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவ்வாண்டு விளைச்சலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். ஆனால் கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டிருந்தார். அவருடைய பிள்ளையின் படிப்புச் செலவும் அந்தக் கணக்கில்தான் தங்கியிருந்தது. கடன் மீட்பு வழக்குகளில் இரு பக்கத்திலும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை மறந்து எழுதப்படும் எந்த ஆலோசனையும் குறைபாடுடையது.

கொப்பிக் கடனும் ஓர் ஆண்டுக் காலவரையறையும்

சட்டத்தரணி முதலில் கேட்டது தொகையை அன்று, திகதிகளை. இலங்கையில் கடன் வழக்குகளுக்கான காலவரையறை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. எழுத்திலான ஒப்பந்தம், வாக்குறுதி நோட்டு, காசோலை போன்றவற்றுக்கு 6 ஆண்டுகள். எழுத்திலில்லாத வாக்குறுதிக்கு 3 ஆண்டுகள். ஆனால் விற்று ஒப்படைத்த பொருட்களின் விலை, கடைக் கணக்கு, கொப்பிக் கடன், செய்த வேலைக்கான கூலி ஆகியவற்றுக்கு, கடன் செலுத்தப்படவேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டு மாத்திரமே. நம்முடைய ஊர்க் கடைகளின் கடன்களில் பெரும்பாலானவை இந்த ஓர் ஆண்டு வகையைச் சேர்ந்தவை. கொப்பியில் எழுதியிருக்கிறோம், ஆகவே இது எழுத்திலான கடன் என்று வியாபாரிகள் எண்ணுகிறார்கள். கடைக்காரர் தாமே எழுதிய பதிவு ஒப்பந்தமாகாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், ஒழுங்காகப் பேணப்பட்ட கணக்குப் புத்தகத்தின் பதிவுகளைச் சான்றாக ஏற்கிறது. ஆயினும் அப்பதிவுகள் தனித்து நின்று ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதா என்றும் அதே பிரிவு கூறுகிறது.

இந்தக் கடன் வெட்டு முடிந்ததும், அதாவது 2021 மார்ச் அளவில், செலுத்தப்படவேண்டியதாயிற்று. ஏப்ரலில் செலுத்திய 2 இலட்சம் ரூபா ஒரு பகுதிக் கொடுப்பனவு என்பதால், காலம் அந்நாளிலிருந்து புதிதாக எண்ணப்பட இடமுண்டு. அப்படி எண்ணினாலும் 2022 ஏப்ரலுடன் ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அவர் தொலைபேசியில் பலமுறை "தாறன்" என்று சொல்லியிருந்தார். வாய்மொழியான ஒப்புதலுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. கடன்பட்டவர் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும், அல்லது பணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். "தரவேண்டிய மிகுதி 7 இலட்சத்து 40 ஆயிரம், ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதி ஒப்பம் வாங்கியிருந்தால் நிலைமை முற்றிலும் வேறாயிருக்கும்.

ஆனால் அந்த 7 இலட்சத்து 40 ஆயிரத்தில் 5 இலட்சம் ரூபா தப்பித்துக்கொண்டது. அந்தத் தொகைக்குக் காசோலை கொடுக்கப்பட்டிருந்தது. காசோலையின் மீது தொடுக்கப்படும் வழக்கு கொப்பிக் கடன் வழக்கு அன்று. அது தனித்ததோர் எழுத்தாவணத்தின் மீதான வழக்கு, ஆகவே 6 ஆண்டுகள் உண்டு. வங்கியிலிருந்து திரும்பிய அந்தக் காசோலையைக் கடைக்காரர் பயனற்ற காகிதம் என்று கருதி இலாச்சியில் போட்டு வைத்திருந்தார். உண்மையில் அவரிடமிருந்த ஆவணங்களில் மிக வலுவானவற்றுள் அது ஒன்று.

மிகுதி 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவைப் பற்றி ஒரு வாதம் இருந்தது. 2022 மார்ச்சில் கொடுத்த காசோலையையே ஒரு பகுதிக் கொடுப்பனவாகக் கருதி, மிகுதிக்கும் காலத்தை நீட்டலாம் என்பது அவ்வாதம். ஆனால் பணமாக மாறாத காசோலை கொடுப்பனவாகுமா என்ற கேள்வியை, அச்சிறிய தொகைக்காக, பல தவணைகள் நின்று நீதிமன்றத்தில் வாதிடுவது கட்சிக்காரருக்கு நன்மை செய்வதாகாது. சட்டத்தரணி அத்தொகையை மத்தியஸ்த சபைக்கு எடுத்துச்செல்லும்படி ஆலோசனை கூறினார். அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

சட்டத்தரணியின் கடிதம்

வழக்குக்கு முன் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பப்பட்டது. கடன் எவ்வாறு ஏற்பட்டது, எந்த ஆவணத்தின் மீது எவ்வளவு நிலுவை, எவ்வளவு நாட்களுக்குள் செலுத்தவேண்டும், தவறினால் என்ன நடவடிக்கை என்பவற்றை அது தெளிவாகக் கூறியது. 14 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. கடிதத்தில் வசையோ மிரட்டலோ இருக்கவில்லை. கடன்பட்டவரின் மனைவியை, மாமனாரை, கோயில் தர்மகர்த்தாவை அழைத்து அவமானப்படுத்தப் போவதாக எழுதும்படி சிலர் கேட்பதுண்டு. ஒரு சட்டத்தரணி அதைச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவர் தொலைபேசியில் மட்டும் பேசினார். வியாபாரக் கடிதம் ஒன்றில் சொல்லப்பட்ட விடயத்தை ஏற்காத ஒருவர் அதை மறுத்துப் பதிலெழுத வேண்டும் என்ற கருத்தை நம் நீதிமன்றங்கள் நீண்டகாலமாகப் பின்பற்றி வருகின்றன. சரவணமுத்து எதிர் டி மெல் என்ற தேர்தல் மனுத் தீர்ப்பு இதற்காக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆகவே பதிலின்மையும் ஒரு சான்றாகலாம். அதற்குத் தபாலகப் பற்றுச்சீட்டும் கடிதத்தின் பிரதியும் பத்திரமாக இருக்கவேண்டும். அதே காரணத்தால், பொய்யான கோரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தவர் அதைக் கிழித்துப் போடாமல் பதில் எழுதுவது அவசியம்.

இந்த இடைவெளியில் கடைக்காரரின் உறவினர் சிலர், செய்கையாளரின் லாண்ட்மாஸ்டரை வயலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று முன்வந்தார்கள். அப்படிச் செய்திருந்தால் கடன் கேட்கச் சென்றவர் களவு வழக்கில் சந்தேகநபராக நின்றிருப்பார். பொலிஸ் நிலையத்தில் கொடுத்த முறைப்பாடும் பதியப்பட்டதோடு நின்றது. கடன் அறவிடுவது பொலிசாரின் பணியன்று என்று அங்கு கூறப்பட்டது, அது சரியானதும் கூட.

காசோலை

காசோலை விடயத்தில் நம்மவர்கள் பெரிதும் குழப்பமடைவதற்குக் காரணம், தமிழில் கிடைக்கும் சட்ட விளக்கங்களில் பெரும்பாலானவை இந்தியச் சட்டத்தைப் பற்றியவையாக இருப்பதே. 138ஆம் பிரிவு, 30 நாட்களுக்குள் அறிவித்தல், 15 நாள் அவகாசம் என்பன இந்தியாவின் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள். கடனுக்கு மூன்று ஆண்டுக் காலவரையறை என்பதும் அவர்களுடைய 1963ஆம் ஆண்டுச் சட்டம். இவை இலங்கைக்குப் பொருந்தா. நமது கடைக்காரரும், 30 நாள் கடந்துவிட்டது, இனிக் காசோலையால் பயனில்லை என்று நம்பியிருந்தார்.

இலங்கையில் இதற்கான விதி 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவு. அச்சட்டத்தின் ஏனைய பகுதி வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் போன்ற கடன் வழங்கும் நிறுவனங்களுக்கானது. தனியார் அதனைப் பயன்படுத்த முடியாது. 25ஆம் பிரிவு மட்டும் எவருக்கும் பொருந்தும். கணக்கில் பணமில்லை அல்லது போதாது என்பதை அறிந்துகொண்டே காசோலை வரைவது குற்றம். நீதவான் முன் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபா அல்லது காசோலைத் தொகையின் 10 சதவீதம் ஆகியவற்றில் கூடிய தொகை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "அறிந்துகொண்டே" என்பதே இதன் உயிர்நாடி. கடனுக்குப் பிணையாகத் திகதியிடாமல் ஒப்பமிட்டு வாங்கி வைத்த காசோலையைப் பின்னர் நிரப்பி வங்கியில் போடுகிறவர்கள் இந்தச் சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின் கீழ்த் தனிப்பட்ட முறைப்பாடாக வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. மூலக் காசோலையும், வங்கி கொடுத்த திரும்பல் சீட்டும், வைப்பிலிட்ட பற்றுச்சீட்டும் இணைக்கப்பட்டன. அழைப்பாணை கிடைத்ததும் செய்கையாளர் ஒரு சட்டத்தரணியை அமர்த்தினார். வழக்கு தீர்ப்புக்குச் செல்லுமுன், மூன்று தவணைகளில் 5 இலட்சம் ரூபாவும் செலுத்தப்பட்டது.

இந்த விரைவைக் கண்டு, எல்லாக் கடனையும் நீதவான் நீதிமன்றத்தின் வழியாகவே பெறலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நீதிமன்றம் குற்றத்தை விசாரிக்கிறது. பணத்தைப் பெற்றுத்தருவது அதன் முதற் கடமையன்று. எதிராளி தண்டத்தைக் கட்டிவிட்டுச் சென்றால், காசோலைத் தொகைக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கே போகவேண்டியிருக்கும். மேலும், உண்மையில் பிணையாக வாங்கிய காசோலையைக் கொண்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவேன் என்று பயமுறுத்துவது நேர்மையான வழியுமன்று.

மத்தியஸ்த சபையும் நெல்லும்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லவேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அந்தத் தொகை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது.

2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவுக்கான பிணக்கு, செய்கையாளர் வாழும் பிரதேசத்துச் சபையின் முன் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் சனிக்கிழமை காலை எடுக்கப்பட்டது. சட்டத்தரணிகளுக்கு அங்கு இடமில்லை. மத்தியஸ்தர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர். மற்றொருவர் தாமே வேளாண்மை செய்பவர். கடன் காலங்கடந்தது என்ற பேச்சை எவரும் எடுக்கவில்லை. கொப்பியைப் புரட்டிய மத்தியஸ்தர், "தம்பி, இந்தச் சாமான் உன்ர வயலுக்குத்தானே போனது?" என்று கேட்டார். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

வரும் பெரும்போக அறுவடையில் நெல்லாகக் கொடுப்பதென்று இணக்கம் எழுதப்பட்டது. விலை எந்த நாளைய விலை என்பதிலும், ஈரநெல்லா காய்ந்த நெல்லா என்பதிலும்தான் நீண்ட பேச்சு நடந்தது. அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லுக்கும், நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்த நெல்லுக்கும் விலையில் பெரிய வேறுபாடுண்டு. காய்ந்த நெல், ஒப்படைக்கும் நாளின் விலை என்று முடிவாயிற்று. 2023 மார்ச்சில் வந்த மூடைகளின் பெறுமதி 1 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாவாக இருந்தது. மிகுதி 50 ஆயிரத்தைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தார். நீதிமன்றத்தில் ஒரு சதமும் கிடைத்திருக்க வாய்ப்பில்லாத கடன் அது.

நோட்டு: மாவட்ட நீதிமன்றத்தில்

10 இலட்சம் ரூபா நோட்டின் மீதான வழக்கு மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. எதிராளி வேறு மாவட்டத்தில் வாழ்ந்தபோதும், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்தின் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர இடமளிக்கிறது. நோட்டு கடையில் வைத்து ஒப்பமிடப்பட்டது. கடையைப் பூட்டிவிட்டுத் தவணைக்குத் தவணை தூரத்து நீதிமன்றத்துக்குப் பயணம் செய்ய முடியாத ஒருவருக்கு இந்தத் தெரிவு முக்கியமானது.

1889ஆம் ஆண்டின் அந்தச் சட்டக்கோவையின் 53ஆம் அத்தியாயம், நோட்டு, காசோலை போன்ற ஆவணத்தின் மீது தொகை நிச்சயமாகத் தெரிந்த கடன்களுக்குச் சுருக்கமான நடைமுறை ஒன்றைத் தருகிறது. சாதாரண வழக்கில் எதிராளி மறுமொழி தாக்கல் செய்து விளக்கத்துக்கு (முழு விசாரணைக்கு) செல்லலாம். சுருக்க நடைமுறையில் அவர் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். தமக்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு என்பதைச் சத்தியக்கடதாசி மூலம் காட்டவேண்டும். எதிர்வாதம் மேலோட்டப் பார்வையில் நிலைக்கக்கூடியதாகத் தோன்றாவிட்டாலோ, அதன் நேர்மையில் நியாயமான சந்தேகம் எழுந்தாலோ, பணத்தை நீதிமன்றத்தில் கட்டும்படி அல்லது பிணை வைக்கும்படி நிபந்தனை விதிக்கலாம். அனுமதி பெறாதவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்படும். ஆகவே இந்நடைமுறையில் ஆவணம் குறையற்றதாக இருக்கவேண்டும்: முத்திரை சரியாக, திருத்தல் அழித்தல் இன்றி, சந்தேகத்துக்கு இடமின்றி.

நோட்டில் ஒரு குறை இருந்தது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் வழங்கல் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பணக் கடனுக்குப் பிணையாக எழுதப்படும் நோட்டில் மூன்று விடயங்கள் தனித்தனியாகத் தெளிவாக இருக்கவேண்டும் என்கிறது: உண்மையில் கொடுக்கப்பட்ட முதல், முற்பணமாகக் கழிக்கப்பட்ட வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை வீதம் வட்டி என்பது. அச்சிட்ட படிவங்களின் அடியில் இதற்கென்றே மூன்று இடங்கள் விடப்பட்டிருக்கும். பலர் அவற்றை வெறுமையாக விட்டுவிடுவார்கள். நமது கடைக்காரர் முதலை எழுதியிருந்தார். கழித்த வட்டி இல்லை என்றும் எழுதியிருந்தார். மூன்றாவது இடத்தில் "மாதம் 2 வீதம்" என்று எழுதியிருந்தார். ஆண்டு வீதம் எழுதப்படவில்லை. எதிராளியின் சட்டத்தரணி இதனையே பிடித்துக்கொண்டு, நோட்டு நடைமுறைப்படுத்த முடியாதது என்று வாதிட்டார்.

அது பொறுப்பான வாதம். குறை உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதே பிரிவு, குறை கவனக்குறைவால் நேர்ந்தது, சட்டத்தைத் தவிர்க்கும் நோக்கில் அன்று என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் நிவாரணம் அளிக்க இடம் தருகிறது. 10 இலட்சமும் எந்தக் கழிவுமின்றி முழுமையாகக் கணக்குக்குச் சென்றதை வங்கிப் பதிவு காட்டியது. வட்டியை மறைக்கவில்லை, மாத வீதமாக எழுதியிருக்கிறார் என்பதும் ஆவணத்திலேயே தெரிந்தது. நோட்டுகளில் பெரும் வட்டியையும் கூட்டி முதலாக எழுதுகிறார்களே, அவர்களைத் தடுக்கவே இப்பிரிவு இயற்றப்பட்டது. நீதிமன்றம், பிணை வைக்கும் நிபந்தனையுடன் எதிர்வாதம் செய்ய அனுமதித்தது. பிணை வைக்க வழியில்லாத நிலையில் எதிராளி பக்கம் சமரசப் பேச்சுக்கு வந்தது.

சமரச நிபந்தனைகளை எழுதியதில்தான் இரு சட்டத்தரணிகளின் அனுபவமும் தெரிந்தது. முதல் 10 இலட்சமும், வட்டிக்காக 2 இலட்சமும், ஆக 12 இலட்சம் ரூபா. மாதத் தவணை கேட்பதே வழமை. ஒரு நெற்செய்கையாளருக்கு மாத வருமானம் இல்லை. மாதத் தவணை எழுதினால் மூன்றாம் மாதமே தவறும் என்பதை எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆகவே பெரும்போக வெட்டுக்குப் பின் ஏப்ரலிலும், சிறுபோக வெட்டுக்குப் பின் செப்டெம்பரிலுமாக, 3 இலட்சம் வீதம் நான்கு தவணைகள் என்று எழுதப்பட்டது. ஒரு தவணை தவறினாலும் முழு மிகுதியும் சட்டபூர்வ வட்டியுடன் உடனே அறவிடப்படலாம் என்ற வாசகமும் சேர்க்கப்பட்டது. 408ஆம் பிரிவின் கீழ் அது நீதிமன்றத் தீர்ப்பாணையாகப் பதியப்பட்டது. வெளியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடும் சமரசத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது: இது தவறினால் புதிய வழக்குத் தேவையில்லை, நேரே நிறைவேற்றலாம்.

தீர்ப்புக்குப் பின்

2023இன் இரு தவணைகளும் வந்தன. 2024 ஏப்ரல் தவணை வரவில்லை. 224ஆம் பிரிவின் கீழ் நிறைவேற்று ஆணைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. தீர்ப்பாணையை நிறைவேற்ற 10 ஆண்டு காலமுண்டு; ஆயினும் தாமதிக்கத் தாமதிக்கச் சொத்து கைமாறிவிடும்.

எதைக் கைப்பற்றுவது என்பதே கேள்வியாயிற்று. 219ஆம் பிரிவின் கீழ் எதிராளி நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டு, சத்தியத்தின் பேரில் அவருடைய சொத்துகள் விசாரிக்கப்பட்டன. ஊரில் எல்லோரும் அவருடையதென்று நினைத்திருந்த அறுவடை இயந்திரம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. உரிமை நிதிக் கம்பனிக்கு. ஐந்து ஏக்கர் வயல் கல்லோயாத் திட்டத்தின் பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட காணியை எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்காகவும் கைப்பற்றவோ விற்கவோ முடியாது. அம்பாறை மாவட்டத்து வயல்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. "ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறாரே" என்ற நம்பிக்கையில் கடன் கொடுப்பவர்கள் அந்த ஐந்து ஏக்கர் உறுதிக் காணியா (சொந்த உரிமையுள்ள தனியார் காணியா) பெர்மிட் காணியா என்று கேட்பதே இல்லை. லாண்ட்மாஸ்டரும், விதைநெல்லும், விவசாயியின் பிழைப்புக்கு அவசியமான கருவிகளும் 218ஆம் பிரிவினால் பாதுகாக்கப்படுகின்றன. அந்தப் பாதுகாப்பு நியாயமானது. உழுகருவியைப் பறித்துவிட்டு அடுத்த போகத்தில் எதைக் கொண்டு கடனை அடைப்பார்?

மிஞ்சியது, சம்மாந்துறைப் பக்கம் தகப்பனிடமிருந்து அவருக்கு வந்த இரண்டு ஏக்கர் உறுதி வயல். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்ததில் ஈடு எதுவும் இருக்கவில்லை. பிஸ்கல் (தீர்ப்பாணைகளை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) அதனைக் கைப்பற்றி, கைப்பற்றல் அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்வித்தார். பதிவு விழுந்த பின்னர் அக்காணியை விற்றாலும் ஈடுவைத்தாலும் அது தீர்ப்பாணைக்கு எதிராகச் செல்லாது. ஏல விற்பனைத் திகதி குறிக்கப்படுமுன், எதிராளியின் மூத்த சகோதரர் முன்வந்து மிகுதி 6 இலட்சத்தையும் வட்டியையும் சட்டத்தரணியின் அலுவலகத்தில் செலுத்தினார். ஏலம் வரை செல்லும் வழக்குகள் குறைவு. தகப்பன் வழிக் காணி ஏலத்துக்கு வருவதை எந்தக் குடும்பமும் விரும்புவதில்லை.

கணக்குப் பார்த்தால், காசோலைக்கு 5 இலட்சம், நெல்லாக 1 இலட்சத்து 90 ஆயிரம், நோட்டுக்கு 12 இலட்சமும் சிறிது வட்டியும் கிடைத்தன. கேட்ட தொகையைவிடக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. 2020இல் கொடுத்த பொருளை மீண்டும் வாங்க அந்தப் பணம் போதவில்லை. நீதிமன்றம் வழங்கும் செலவுத்தொகை உண்மையில் செலவானதை ஈடுசெய்வதுமில்லை. சட்டத்தரணியின் கட்டணத்தை வழக்குத் தொடங்குமுன் எழுத்தில் பேசிக்கொண்டது இரு பக்கத்துக்கும் நன்மையாயிற்று.

பணம் நீதிமன்றத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால், இன்னும் ஒரு வேலை இருந்தது. 349ஆம் பிரிவின்படி, வெளியே செய்யப்பட்ட கொடுப்பனவை வழக்காளி நீதிமன்றத்துக்கு அறிவித்துச் சான்றுப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பதிவேட்டில் தீர்ப்பாணை நிறைவேறாததாகவே நிற்கும். கைப்பற்றல் பதிவும் காணியின் மேல் அப்படியே கிடக்கும். பணம் கிடைத்துவிட்டதும் வழக்காளிகள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள், அதன் துன்பம் பல ஆண்டுகள் கழித்துக் காணியை விற்க முயலும் கடனாளியின் பிள்ளைகளுக்கு வருகிறது. இவ்வழக்கில் அடுத்த வழக்குத் தவணையிலேயே திருப்திச் சான்று (கடன் தீர்ந்தது என்ற அறிவிப்பு) தாக்கல் செய்யப்பட்டது. கைப்பற்றலை நீக்கும் நீதிமன்றக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியைச் செய்கையாளரே பெற்றுச் சென்று, காணிப் பதிவகத்தில் பதிவை நீக்குவித்தார்.